நம்ம வண்டிச் சத்தம்

பரமசிவன் துணை

குரங்கணிக்கு மேல், ஏலத்தோட்ட லயம்
28-8-1956

அன்பு மாப்பிள்ளை அழகுமலைக்கு மச்சான் பிச்சைமணி எழுதுவது. நானும் உன் அக்கா அய்யம்மாளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். கோயம்புத்தூரில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். ஓட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போனதாக எழுதியிருந்தாயாம். மோர் சாதம் மட்டும் சாப்பிடச் சொல்கிறாள் உன் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் நான் அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன் என்று கோபம் வேறு.

நல்ல சேதி ஒன்றும் இல்லை மாப்ளே. வண்டியின் எஞ்சின் போய்விட்டது. பத்து நாளைக்கு முன்னால் காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. பெண்கள் போட்ட கூச்சலில் எனக்கு எஞ்சின் சத்தம் காதில் விழவில்லை. பார்த்தபோது புகை. இறங்கிப் பானட்டைத் தூக்கினால் பிளாக்கில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப்பு, ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பித்து வந்து நம் மலையில் உயிரை விட்டது. இரண்டு ஜோடி மாடு பூட்டிப் போடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைத்தெருவில் ஒருத்தன், "அண்ணே, மாட்டுக்கு லைசென்சு எடுத்தாச்சா"ன்னு கேட்டான். அவன் வாயை உடைக்காமல் வந்ததே பெரிய காரியம்.

வண்டி இப்போது சீனிச்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. அதே எஞ்சின் மதுரையிலும் கிடைக்கவில்லை. தேனிப் பக்கம் கவிழ்ந்து கிடந்த ஒரு லாரியின் எஞ்சினைச் சீனிச்சாமி பிடித்துவந்திருக்கிறான். நம்முடையது நாலு சிலிண்டர், இது ஆறு. இதை மாட்டினால் சுவரில்கூட ஏறும் என்கிறான். சுவரில் ஏற வேண்டாம், நம் லயம் வரைக்கும் ஏறினால் போதும் என்றேன்.

இடைஞ்சல் என்னவென்றால் லாரி எஞ்சினின் முதுகும் ஜீப்பு கியர்பாக்ஸின் முகமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. போல்ட் ஓட்டைகள் இதில் ஓர் இடத்தில் இருக்கின்றன, அதில் ஓர் இடத்தில். நடுவில் கனமான இரும்புத் தட்டு ஒன்று வைத்து, ஒரு பக்கம் எஞ்சினையும் மறுபக்கம் கியர்பாக்ஸையும் முடுக்க வேண்டும். அந்த வேலைக்குத் தோதான லேத்து போடியில் கிடையாது. உன்னையும் உன் பட்டறை லேத்தையும்தான் நம்பியிருக்கிறேன். அட்டையில் ஓட்டைகளை அச்சாக எடுத்திருக்கிறேன். போல்ட் தலைகள் உள்ளே அமுங்கும்படி எஞ்சின் பக்கத்தில் குழி வெட்ட வேண்டும். எஞ்சின் பக்கம் எது என்பதற்கு சிவப்புச் சாக்குக்கட்டியால் குறி போட்டிருக்கிறேன். பார்த்து வெட்டு. நாளை விடியக் காலையில் நான் போடிக்கு இறங்குகிறேன். அட்டையையும் கடிதத்தையும் உன் அக்கா துணியில் வைத்துத் தைத்துத் தபாலில் சேர்த்துவிடுவாள்.

அவசரம் எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். இந்த மாதமே போடிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்து வைக்கலாம் என்றுதான் இருந்தேன். வண்டி கெட்டது. இன்னும் நாலைந்து நாளில் எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது என்கிறார்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும். இவளும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்பது பிறந்த அன்றைக்கு இறங்கிவிடலாம், அதற்குள் வண்டி தயாராகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் பிள்ளைக்கு நடந்தது உனக்குத் தெரியும். குறுக்கே கிடந்த பிள்ளை. கம்பில் கம்பளியைக் கட்டி டோலியாகத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். போடி வந்து சேர்ந்தபோது பையன் இல்லை. அவள் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். இன்னொரு முறை அப்படி மலையில் வைத்துக்கொண்டிருக்காதே என்று என்னைத் திட்டவும் செய்தார். அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே என்னைய டோலியில மட்டும் தூக்கிட்டுப் போயிராதீக." அதற்காகத்தான் அடுத்த வருஷமே இந்த ஜீப்பை வாங்கினேன். ஊரார் தொழிலுக்கு வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என்ன எழுதினேன் என்று கேட்கிறாள். மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன். சிரிக்கிறாள். வண்டி இல்லாமல் லயமே செத்துக் கிடக்கிறது என்கிறாள். குரங்கணிப் பாலத்தில் என் வண்டி ஏறும்போதே இங்கே இவளுக்குக் கேட்டுவிடும், உடனே உலை வைப்பாள். தோட்ட முதலாளியின் ஜீப்பு வந்தால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். இப்போது எப்போது உலை வைப்பது என்றே தெரியவில்லையாம்.

தட்டைச் சீக்கிரம் செய்து அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மச்சான்
பிச்சைமணி

*

பரமசிவன் துணை

போடிநாயக்கனூர்
7-10-1956

மாப்பிள்ளை அழகுமலைக்கு,

நலம். தட்டு ரயில் பார்சலில் வந்து சேர்ந்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. சீனிச்சாமி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்கப்பா, கோயம்புத்தூர் வேலைன்னா இது"ன்னு காட்டினான். அப்புறம் மாட்டினோம். மாட்டினால் சேரவில்லை.

குழியை நீ எதிர்ப் பக்கத்தில் வெட்டியிருக்கிறாய். குழியைப் பார்த்துத் தட்டைத் திருப்பினால் ஓட்டைகள் இடம் மாறிப்போகின்றன. ஓட்டைகளைப் பார்த்து வைத்தால் போல்ட் தலைகள் வெளியே துருத்திக்கொண்டு சுற்றுகிற பிளைவீலில் இடிக்கின்றன. நானும் சீனிச்சாமியும் ஒரு பகல் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். உன்னையும் நன்றாகத் திட்டினேன். அதை மறைக்கவில்லை.

அப்புறம்தான் நீ தட்டோடு திருப்பி அனுப்பிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். சாக்குக்கட்டிக் குறி எங்கேயும் இல்லை, துணியில் உரசி அழிந்துபோயிருக்கிறது. மறுபக்கத்தில் நட்ட நடுவில் குங்குமம் இருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தபாலில் போடுகிறதுக்கு முன்னால் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டு, குங்குமம் தொட்டு வைத்துத் தைத்தாளாம். புதுச் சாமான் எதையும் குங்குமம் வைக்காமல் அவள் வெளியே விட்டதில்லை. போன வருஷம் வாங்கிய மண்ணெண்ணெய்க் கேனுக்கும் வைத்தாள். நீ என்ன செய்வாய், சிவப்புக் குறி போட்ட பக்கம் என்று நான் எழுதியிருக்கிறேன், சிவப்பு எங்கே இருந்ததோ அங்கே வெட்டிவிட்டாய். விஷயம் தெரிந்ததும் அவள் அழுதாள். சாமிக்குக் காட்டினது ஒரு தப்பா என்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறு தட்டு ஒன்று வெரசாகச் செய்து அனுப்பு. இந்த முறை அட்டையில் எஞ்சின், கியர்பாக்ஸ் என்று இரண்டு பக்கமும் எழுத்திலேயே எழுதி நானே தபாலில் போட்டிருக்கிறேன்.

மற்ற வேலையெல்லாம் ஒரு வழியாக நடக்கிறது. லாரி எஞ்சின் நீளம் அதிகம். ரேடியேட்டரை முன்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பானட் மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டப் போகிறோம். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் தட்டியது. அதை வெட்டிப் பற்றவைத்தோம். சைலன்சர் வைக்க இடமே இல்லை, குழாயை அப்படியே பக்கவாட்டில் விட்டிருக்கிறோம். எஞ்சினைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது சத்தம் கேட்டுத் தெருவே திரும்பிப் பார்த்தது. பழைய எஞ்சின் தையல் மிஷின் மாதிரி அடிக்கும். இது தொண்டை கட்டின கிழவன் மாதிரி உறுமுகிறது. காட்டில் மரம் வெட்டுகிற கூப்புக்குத் தடி ஏற்ற வருகிற லாரிகளும் இப்படித்தான் கத்துகின்றன. இந்த மாதம் அவை குரங்கணிக்கு மேலேயும் வரத் தொடங்கிவிட்டன, பாதையை உழுது போடுகின்றன.

ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது மாப்ளே. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போடிமெட்டுப் பாதையில் ஓட்டுகிற ஜீப்புக்காரர்களிடம் போய் நின்றேன். குரங்கணிக்கு மேலே மண் சரிந்து கிடக்கிறது, அங்கே வந்து வண்டியைத் தொலைக்க மாட்டோம் என்றார்கள். தோட்ட முதலாளியின் ஜீப்பு சீசன் முழுக்க மூணாறுப் பக்கம்தான் நிற்கிறது. கூப்பு லாரிக்காரன் ஒருவனிடம் கேட்டேன். மரத்துக்கு மேலே பிள்ளைத்தாய்ச்சியை உட்கார வைப்பதா என்று திருப்பிக் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

மெல்ல நடந்தே இறங்கிவிடலாமா என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. லயத்து வாசலில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்வரவே மூச்சு வாங்குகிறது. பக்கத்து வீட்டு மருதாயிதான் சோறு ஆக்கிக் கொடுக்கிறாள். அவளும் பிள்ளை பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது, பாவம். டோலி என்று நான் வாயைத் திறப்பதற்குள் அய்யம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். வண்டியோடுதான் வருவேன், நீ முன்சீட்டில் உட்கார்ந்து இறங்கலாம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. பயமாக இருக்கிறது என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் தட்டை அனுப்பு.

இப்படிக்கு,
பிச்சைமணி

*

போடிநாயக்கனூர்
18-11-1956

அழகுமலைக்கு,

உன் கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். லேத்து ஓடும்போது கையை உள்ளே விட்டுவிடலாம் போல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். தட்டைத் தப்பாக வெட்டின கை எதற்கு என்று கேட்டிருக்கிறாய். அக்கா காரியத்துக்கு வராதவன் இனி எந்த முகத்தோடு வருவது, அங்கேயே கிடந்து செத்துப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த நேரத்தில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதவே கூடாது என்று நினைத்திருந்ததை எழுதுகிறேன். தந்தியில் நாலு வார்த்தைதான் கொடுத்தேன். நடந்தது என்ன என்று உனக்குத் தெரியாது. பொறுமையாகப் படி.

உன் இரண்டாவது தட்டு நேரத்தோடு வந்து சேர்ந்தது. வாங்கி வைத்ததும் அப்படியே போய் உட்கார்ந்தது. ஓர் இழை அரம் போடவில்லை. மறுநாள் காலையில் வண்டி கிளம்பிவிட்டது. முதலில் இதை மனதில் வை. வண்டி கிளம்பியபோது உன் அக்கா உயிரோடு இருந்தாள்.

சீனிச்சாமி தேங்காய் உடைத்தான். இரண்டு நாள் கீழேயே ஓட்டிப் பார்க்கலாம், ஹாரனுக்கு ஒயர் கொடுக்கவில்லை, பானட்டுக்குச் சரியான கொக்கி போடவில்லை என்றெல்லாம் சொன்னான். நான் கேட்கவில்லை. முன்சீட்டில் ஒரு தலையணை போட்டுக்கொண்டு கிளம்பினேன். மழை விட்டிருந்தது. வண்டி என்ன இழுப்பு இழுத்தது தெரியுமா. பழைய எஞ்சின் மூச்சுத் திணறுகிற ஏற்றத்தையெல்லாம் இரண்டாம் கியரிலேயே ஏறியது. பாலம் தாண்டும்போது நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் உலை வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

லயத்து வாசலில் போய் நிறுத்தினேன். மருதாயி வெளியே வந்தாள். யாரோ கூப்பு ஆட்கள் என்று நினைத்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். விடிகிற நேரத்தில் அய்யம்மாளுக்கு வலி எடுத்திருக்கிறது. பனிக்குடம் உடைந்துவிட்டது. இதற்கு மேல் மலையில் வைத்திருக்க முடியாது என்று லயத்துச் சோணையும் இன்னும் மூன்று ஆட்களும் கம்பளியில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கியிருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று மருதாயியிடம் கேட்டேன். "சொன்னா அண்ணே, பெறகு வலி சாஸ்தியானதும் சரின்னுட்டா" என்றாள்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன். குரங்கணியில் ஆற்றோரம் ஏலக்காய் உலர்த்துகிற கொட்டகையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்திருந்தது. பெண் பிள்ளை. இந்த முறை நேராகத்தான் வந்திருக்கிறது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அந்த ஊரில் மருத்துவம் பார்க்கிற கிழவி தன்னால் ஆனதையெல்லாம் செய்திருக்கிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நாங்கள் எல்லோருமாகத் தூக்கி வண்டியில் வைத்தோம். தலையணை உதவியது. போடி வரைக்கும் எங்கேயும் நிறுத்தவில்லை. எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. பாதி வழியில் கண்ணைத் திறக்காமலே, "இது யாரு வண்டி"ன்னு கேட்டாள். நம்ம வண்டிதான் ஆத்தா என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா, விழுந்தும் நம்பவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் கை குளிர்ந்திருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அவர் பொதுவாகச் சொல்லியிருப்பார். எனக்கு அது பொதுவாகக் கேட்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சோணை வந்தான். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றான். அப்புறம் அழுதுகொண்டே சொன்னான். அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது மேலே வருகிற வண்டிச் சத்தம் கேட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒற்றையடிப் பாதைக்கும் ஜீப்புப் பாதைக்கும் நடுவில் ஒரு சரிவுதான். உனக்கும் தெரியும், கொய்யா மரம் நிற்கிற இடம். சோணை டோலியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் வண்டியை மறிக்கிறேன் என்று சரிவில் ஏறப் போயிருக்கிறான். உன் அக்காதான் அவனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறாள். "அது நம்ம வண்டி இல்லப்பா. நம்ம வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா. அது கூப்பு லாரி, மேல போயி மரம் ஏத்திட்டுத் திரும்பப் பொழுது சாஞ்சிரும். நீங்க எறங்குங்க" என்றாளாம்.

அது நான்தான் மாப்ளே. முன்சீட்டில் தலையணையை வைத்துக்கொண்டு அவளைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தேன்.

அந்தச் சரிவை நான் அப்புறம் போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் ஏறி வருவதற்கு மடக்குக் கத்தியில் பாக்கு வெட்டுகிற நேரம்கூட ஆகாது. ஹாரன் இருந்திருந்தால் அந்த வளைவில் அடித்திருப்பேன். என் ஹாரனை அவளுக்குத் தெரியும். சைலன்சர் வைத்திருந்தால் அவளுக்குச் சந்தேகமாவது வந்திருக்கும். எதை எடுத்துப் பார்த்தாலும் கடைசியில் அந்தச் சரிவில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதல் தட்டு சரியாக இருந்திருந்தால் வண்டி முன்பே கிளம்பியிருக்கும், அக்கா போடியில் இருந்திருப்பாள் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நினைத்தேன். உன் மேல் ஆத்திரம் வந்தது. அப்புறம் அந்த அட்டையை எடுத்துப் பார்ப்பேன், குங்குமம் இன்னும் போகவில்லை. எட்டாம் மாதத்தில் இறங்க மாட்டேன் என்றது அவள். அட்டைக்குக் குங்குமம் வைத்தது அவள். நம்ம வண்டி இல்லை என்று சொன்னதும் அவள். செத்தவள் மேல் கோபப்படுகிற புருஷனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா. நான் படுகிறேன். அவள் துணிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன்டி அப்படிச் சொன்னே, ஏறிப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். பிறகு அந்தச் சேலைகளையே பிடித்துக்கொண்டு அழுதேன். யாரை அடிப்பது சொல். உன் கையை வெட்டினால் அவள் வருவாள் என்றால் நானே வந்து வெட்டுவேன்.

வண்டி நன்றாக ஓடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. கெட்டுத் தொலைந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு எங்கேயாவது போய்விடுவேன். கெடவில்லை. காய் எடுப்பு முடியவில்லை, தோட்டத்துப் பெண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். சீனிச்சாமி விற்றுவிடச் சொல்கிறான், சைலன்சராவது மாற்றலாம் என்கிறான். இப்போது எதற்கு மாற்ற வேண்டும். மலை முழுக்க இந்தச் சத்தம் பழகிவிட்டது. பாலத்தில் ஏறும்போதே பிச்சைமணி வண்டி என்று பெண்கள் கூடையோடு பாதைக்கு வந்து நிற்கிறார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஏற்றிக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. போடியிலேயே ஒர்க்‌ஷாப்பில் படுத்துக்கொள்கிறேன்.

நீ காரியத்துக்கு வராததைப் பற்றி இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தந்தி தாமதமாகத்தான் வந்திருக்கும் என்று எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். நீ வேறு மாதிரி சொல்லி என்னைப் பொய்யனாக்காதே. சோணையைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்காதே, அவன் பாதி உடம்பாகிவிட்டான்.

பிள்ளை மருதாயியிடம் இருக்கிறது. தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், இதற்கு ஒரு பக்கம் பால் கொடுக்கிறாள். நன்றாகக் குடிக்கிறது என்கிறாள். அய்யம்மாளின் நெற்றி என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இன்னும் பெயர் வைக்கவில்லை. தாய்மாமன் வந்து மடியில் வைத்துச் சீனித் தண்ணீர் நாக்கில் தொட்டு வைக்க வேண்டுமாம், மருதாயி ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், அண்ணே, மாமன்காரன் எப்ப வர்றாரு என்று. வருவான், வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாப்ளே, அந்தப் பிள்ளையை நான் இன்னும் தொடவில்லை. மருதாயி கொண்டுவந்து நீட்டுகிறாள். கையில் கிரீஸ் என்கிறேன், வண்டி நிற்கிறது என்கிறேன். இரண்டு தடவை கையைக் கழுவிவிட்டுப் போனேன். அப்போதும் முடியவில்லை. பிள்ளைக்கு ஒரு சொந்தக் கை வேண்டும், முதலில் யாராவது தூக்கிக் காட்டினால் பிறகு நானும் தூக்குவேனோ என்னவோ. எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் கை இரண்டும் நன்றாக இருக்கட்டும். சாமியிடம் நான் இப்போது கேட்பது அது ஒன்றுதான், வேறு எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பட்டறையில் சொல்லிவிட்டு ரயில் ஏறு. ஸ்டேஷனுக்கு நான் வண்டி கொண்டுவர மாட்டேன், நடந்து வருகிறேன். இரண்டு பேருமாக நடந்தே மேலே போய்ப் பிள்ளையைத் தூக்குவோம்.

உன் மச்சான்
பிச்சைமணி